ஒரு கதவைச் சாத்திவிட்டு

அன்புள்ள பூவரசன் அண்ணாவுக்கு, தேவனாம்பட்டினத்திலிருந்து மலர்க்கொடி எழுதுவது. அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம், மஸ்கட் வெயில் உன்னை எப்படி வைத்திருக்கிறது? அம்மா சொல்லச் சொல்ல எழுதத்தான் உட்கார்ந்தேன், அவள் கருவாட்டைப் புரட்டிப்போட மாடிக்குப் போய்விட்டாள், அதனால் என் கதை முந்திக்கொள்கிறது.

வெள்ளரி இலைக்கு அடியில் இருந்த வெள்ளைப் புள்ளியை முதலில் பார்த்தது நான்தான், பார்த்தும் வாயைத் திறக்காததும் நான்தான். சிதம்பரத்தில் ஓர் ஓட்டலில், பசுமைக்குடில் போட்டு மண்ணில்லாமல் தண்ணீரிலேயே செடி வளர்ப்பவர்களுக்கு மாநாடு. செம்மண்டலத்தில் நான் வேலை பார்க்கும் குடிலின் முதலாளி மோகனப்பிரியா அக்கா, நாற்றுத் தட்டு தூக்க என்னையும் கூட்டிப்போனார். எங்கள் குடிலுக்கு இரண்டு கதவு, வெளிக்கதவைச் சாத்தாமல் உள்கதவைத் திறக்கக் கூடாது, வெள்ளை ஈ நுழைந்துவிடும். அந்த மண்டபத்துக்கும் இரண்டு கண்ணாடிக் கதவு. பழக்கதோஷம், செருப்பை வெளியே விட்டு நுழைந்து, பின்னால் வந்தவர் மூக்குக்கு நேரே கதவைச் சாத்தி, "இருங்க சார், பூச்சி வந்துரும்" என்று வேறு சொல்லிவிட்டேன். அவர்தான் சிறப்பு விருந்தினராம். மேடை ஏறியதும் முதல் வேலையாக, "என்னைய பூச்சின்னு நெனச்சி ஒரு பொண்ணு வெளியவே நிறுத்திடிச்சி" என்றார். மண்டபமே சிரித்தது. நான் கீரை நாற்றுக்குப் பின்னால் ஒளிந்தேன், நாற்று இரண்டு அங்குலம், நான் ஐந்தடி.

கடைசியில் ஒரு கம்பெனி எல்லாருக்கும் வெள்ளரி நாற்று இலவசமாகக் கொடுத்தது. எங்களுக்குக் கொடுத்த தட்டில் ஓர் இலையைத் திருப்பினால் அந்தப் புள்ளி, ஊதினால் பறக்கிறது. போன வருஷம் இந்த ஈ நுழைந்துதான் மூவாயிரம் செடியும் போயிற்று, ரத்தினம்மாள் அக்காவையும் இன்னும் இரண்டு பேரையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இந்தத் தடவை நிறுத்துவதற்கு மிச்சமிருப்பது நான்தான். "அக்கா, பூச்சி..." என்று ஆரம்பித்தேன். "இன்னாடி, மறுபடியும் பூச்சியா?" என்று அவர் சிரிக்க, நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். வேனில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அருமையாகப் பேசினேன், ஆலப்பாக்கம் தாண்டும்போது அக்கா கண் கலங்கும் அளவுக்குப் பேசினேன், எல்லாம் மனதுக்குள்.

இதோ அம்மா இறங்கி வந்துவிட்டாள். தலையில் துணி கட்டாமல் வெயிலில் வேலை செய்யாதே, வெள்ளிக்கிழமை போன் பண்ண மறக்காதே, கருவாட்டை ரூமில் இருப்பவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு நீ வெறுஞ்சோறு தின்னாதே என்கிறாள். "எம்புள்ள கையி காலு சொகமா நல்லாயிருக்கணும்" என்று அப்படியே எழுதச் சொன்னாள். கருவாட்டுப் பொட்டலம் சக்கரபாணி மாமா கையில் வருகிறது, வாங்கியதும் தகவல் சொல்.

மீதிக் கதை கொஞ்சம்தான். செம்மண்டலம் வந்து வேன் நின்றதும் அக்கா என் மடியிலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு குடிலை நோக்கி நடந்தார். நான் முந்தி ஓடி உள்ளே போய், அவர் முகத்துக்கு நேரே வெளிக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

அம்மாவுக்காகவும் எனக்காகவும்,
உன் தங்கை மலர்க்கொடி