ஒன்பது நாள் பஞ்சு

விடுதி
ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. பல்லும் ஒரு கலைதானே! பல் செட்டைப் பிடித்து நிறுத்தக் கீழ்த் தாடை எலும்பில் இரண்டு திருகு முடுக்கினார்களாம், கன்னம் பூரித்துப்போய் ஒரு பக்கம் மட்டும் குண்டாகிவிட்டீர்களாம். எல்லாம் அம்மா சொல்லித்தான் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை வார்டன் அறை போனில் அம்மா மட்டும் வருகிறாள். பின்னால் நீங்கள் இருமுவது கேட்கிறது. "அப்பாகிட்ட குடு" என்றால், "அவர் குளிக்கிறாரு" என்கிறாள். அப்பா, குளித்துக்கொண்டே இருந்தால் கரைந்துவிடுவீர்கள்.

பதினெட்டு வருஷம் ஸ்டேஷன் மைக்கில் ஊருக்கெல்லாம் எந்த வண்டி எங்கே நிற்கும் என்று சொன்ன குரல், கீழ்ப் பல் கொட்டியதும் மகளுக்கு மட்டும் ரத்தா? இந்த விடுதியில் மொபைலும் கிடையாது. அதனால் பதில் கடிதம் உடனே வரவேண்டும். தாமதத்துக்கு வருந்துகிறோம் என்றெல்லாம் சொல்லக் கூடாது.

முப்பத்திரண்டும் முழுசாக உள்ள,
உங்கள் வாலு

வீடு
ஜூன் 19

வாலுக் கண்ணுக்கு,

உன் கடிதத்தை அம்மா உரக்கப் படித்தாள். தையல் பிரிந்துவிடும், சிரிக்காதீர்கள் என்று அவளே திட்டினாள்.

நலமாக இருக்கிறேன். டாக்டரம்மாவிடம் பேனா மாதிரி ஒரு கருவி இருக்கிறது. திருகுக்குப் பக்கத்தில் நீட்டினால், அது எலும்பில் எவ்வளவு அசையாமல் நிற்கிறது என்று நூற்றுக்கு இத்தனை என மார்க் காட்டும். முதல் நாள் இரண்டுக்கும் அறுபத்தாறு. எழுபதைத் தொட்டால்தான் அவற்றின்மேல் புதுக் கீழ்ச் செட்டை மாட்டுவார். அதற்கு மூன்று மாதம் ஆகும். அதுவரை திருகின்மேல் துளிப் பாரம் விழக் கூடாது. பழைய செட்டின் அடியில், திருகு படாதபடி இரண்டு குழி தோண்டிக் கொடுத்திருக்கிறார். வெளியே போகும்போது பேருக்கு வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டு வாயைத் திறந்தால் படகு மாதிரி ஆடுகிறது.

மைக்கில் இப்போது டிக்கெட் கவுண்டர் பெண் இருக்கிறாள். நான் பார்சல் அறையில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். மூட்டைகள் "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்பதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் நல்லவர்தான். "நீங்க 'ஸ்'னு சொன்னா விசில் சத்தம் வருது. கார்டு பச்சைக் கொடி காட்டிடப் போறாரு" என்றார். நானும் சிரித்தேன். பேச்சு சரியாகிவிட்டால் மைக் எனக்குத்தான், செப்டம்பர் பத்து வரை காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

போனில் வராததற்குக் கோபிக்காதே. உனக்கு அந்தக் குரல் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா

விடுதி
ஜூன் 26

அன்புள்ள அறுபத்தாறு மார்க் அப்பாவுக்கு,

நான் கணக்கில் முப்பத்தெட்டு. நம் குடும்பத்தில் உங்கள் தாடைதான் நன்றாகப் படிக்கிறது.

பந்தயம் வைப்போமா? யார் முதலில் எழுபது வாங்குவது என்று. நீங்கள் ஜெயித்தால், விடுமுறை முழுக்க உங்கள் செருப்பில் பசை தடவ மாட்டேன், உப்பு டப்பாவில் சர்க்கரை மாற்ற மாட்டேன். நான் ஜெயித்தால், பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நீங்களே போன் பண்ண வேண்டும். அம்மா எண்ணைச் சுழற்றிக் கொடுப்பது செல்லாது.

ஜூலை 14 எனக்குப் பதினாறு. எனக்கு ஒரே பரிசுதான் வேண்டும். ஸ்டேஷன் குரலில் எனக்கென்று ஓர் அறிவிப்பு பதிவு பண்ணி அனுப்புங்கள். இங்கே ஒருத்தியும் நம்ப மாட்டேன் என்கிறாள். "உங்கப்பா அறிவிப்பாளரா? அப்ப ஏன் போன்லகூட வரமாட்டேங்கிறாரு?" என்று கேட்கிறார்கள். ஒரே ஒரு நிமிடம் போதும் அப்பா. விசில் வந்தாலும் பரவாயில்லை, ரயில் என்று சொல்லிக்கொள்வேன்.

உங்கள் வாலு

வீடு
ஜூலை 10

வாலுக் கண்ணுக்கு,

பந்தயத்துக்குச் சம்மதம். சத்தியம்.

பென்டிரைவ் இத்துடன் இருக்கிறது. விசில் வராது, பயப்படாதே. வகுப்புப் பெண்கள் முன்னால் என் மகள் விசிலைக் காட்டி ரயில் என்று சொல்வதா? ஓர் உபாயம் கண்டுபிடித்தேன். செட்டின் அடியில் இருக்கும் அந்த இரண்டு குழியிலும் பஞ்சைத் திணித்து, திருகின்மேல் வைத்து நன்றாக அழுத்தினேன். பாறை மாதிரி நின்றது! பழைய குரல் அப்படியே வந்துவிட்டது. வெகுநாள் பேசாததால் நாக்கு மரத்துப்போயிருந்தது. பார்சல் அறையில் மூட்டைகளுக்கு நடுவே தினம் இரண்டு மணி நேரம், ஒன்பது நாள் ஒத்திகை பார்த்தேன். மாஸ்டர்கூட எட்டிப் பார்த்து, "யாரு, ரேடியோவா?" என்றார்.

மூன்றாம் வாரம் மார்க் அறுபத்தொன்று. இறங்கித்தான் ஏறும், பழைய எலும்பு விலகிப் புது எலும்பு பிடிக்கிற நேரம் என்றார் டாக்டரம்மா. பஞ்சு விஷயத்தை அம்மாவிடம் போட்டுக் கொடுத்துவிடாதே. நேராக டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுவாள்.

பிறந்தநாள் வாழ்த்துகள். நன்றாக இரு.

அப்பா

விடுதி
ஜூலை 16

அன்புள்ள அறிவிப்பாளர் அவர்களுக்கு,

விடுதியே ஆடிப்போய்விட்டது! சாப்பாட்டு அறை ஒலிபெருக்கியில் யாருக்கும் சொல்லாமல் செருகிவிட்டேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. முப்பத்தெட்டிலிருந்து எழுபது செல்லும் வாலு எக்ஸ்பிரஸ், இன்று பதினாறாம் தடத்தில் வந்து நிற்கும்." வார்டன் தட்டோடு எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், அப்பா! சத்தியமாக! இங்கிருந்து தண்டவாளத்துக்கு மூன்று மைல். ஒரு வாரம் பாத்திரம் கழுவும் தண்டனை கிடைத்தது. கழுவும்போதெல்லாம் உங்கள் குரலிலேயே பேசுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அறிவிப்பு முடிந்தபின் நிறுத்த மறந்துவிட்டீர்கள். ஏதோ கழற்றுகிற சத்தம், அப்புறம் "ஸ்ஸ்… ஆ" என்று நீளமாக ஒன்று கேட்கிறது. அது எந்த வண்டி? சரக்கு ரயிலா?

பதினாறு வயது,
வாலு

வீடு
ஆகஸ்ட் 8

வாலுக் கண்ணுக்கு,

பதில் தாமதம். ஆறாம் வாரம் இடது ஐம்பத்தைந்து, வலது நாற்பத்தெட்டு. நேற்று ஒன்பதாம் வாரம். இடது ஐம்பது. வலதுக்குக் கருவி மார்க்கே காட்டவில்லை.

டாக்டரம்மா கருவியை இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

அது சரக்கு ரயில்தான்.

அப்பா

விடுதி
ஆகஸ்ட் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

மறுகூட்டலுக்கு விண்ணப்பியுங்கள்! என் கணக்கு டீச்சர் ஒரு முறை எனக்கு ஆறு மார்க் கூட்ட மறந்தார்கள். கருவியும் மறக்கலாம். நான் அறுபத்தொன்று வாங்கியிருக்கிறேன். உங்களுக்காகக் கொஞ்சம் மெதுவாகப் படிக்கட்டுமா? நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். ஆட்டத்தைப் பாதியில் விடக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு… சரி, வேண்டாம், அதை நான் கடித்துக்கொள்கிறேன்.

வாலு

வீடு
செப்டம்பர் 12

வாலுக் கண்ணுக்கு,

வலது திருகு விரலால் சுற்றினாலே சுற்றியது. மரத்துப்போகிற ஊசிகூடத் தேவைப்படவில்லை, கையோடு வந்துவிட்டது. இடதையும் எடுத்துவிட்டார்கள். மறுபடி போட முடியுமா என்று அம்மா கேட்டாள். எடுத்த இடத்தில் எலும்பு கரைந்திருக்கிறது, மிச்சம் அட்டை மாதிரி இருக்கிறது, இனி தாங்காது என்றார் டாக்டரம்மா. நிறையக் கேள்வி கேட்டார். என் எலும்பின் குணம் அப்படி. நீ மனதில் எதையும் போட்டுக்கொள்ளாதே.

மாஸ்டர் பார்சல் அறையை நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சொன்ன தேதிக்கு மேல் இரண்டு நாள் கூடப் பொறுத்தார். அந்தப் பெண்ணும் நன்றாகத்தான் சொல்கிறாள். கொஞ்சம் வேகம்.

கணக்கைப் பார்.

அப்பா

விடுதி
செப்டம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுபத்திரண்டு. வகுப்பில் கைதட்டினார்கள்.

மனதில் எதையும் போட்டுக்கொள்ளாதே என்று எழுதியிருந்தீர்களே, எதை என்று யோசித்தேன். உங்கள் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் படித்தேன். மூன்றாம் வாரம் வரை ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம் ஒன்பது நாள் பஞ்சு. தினம் இரண்டு மணி நேரம் என்றால் பதினெட்டு மணி நேரம். எனக்கு இப்போது கணக்கு வருகிறது அப்பா.

டாக்டரம்மா கேட்டபோது ஏன் சொல்லவில்லை? சொன்னால், எதற்காக என்று கேட்டிருப்பார்கள். அதனால்தானே?

விசில் வந்தால் ரயில் என்று சொல்லிக்கொள்கிறேன் என்றுதானே எழுதினேன். நீங்கள் ஏன் அந்த வரியை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை? மற்றதெல்லாம் விளையாட்டு என்று உங்களுக்குத் தெரியுமே.

பென்டிரைவை யாருக்கும் கொடுப்பதில்லை. கேட்பதும் இல்லை.

பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி. சத்தியம் பண்ணியிருக்கிறீர்கள்.

உங்கள் மகள்

விடுதி
செப்டம்பர் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று மணிக்கே வார்டன் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "என்னடி, இன்னைக்கு யாரோட நாற்காலிக்குப் பசை?" என்று கேட்டுவிட்டு, அவரே எழுந்து வெளியே போய்விட்டார்.

சரியாக நாலு மணிக்கு அடித்தது. நீங்கள் என்றைக்கும் தாமதம் இல்லை.

எடுத்தேன். மூச்சு மட்டும் வந்தது. பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தம்கூட இல்லை. அம்மாவை வெளியே அனுப்பியிருப்பீர்கள். "அப்பா" என்றேன். ஏதோ ஒன்று 'வ'வில் தொடங்கி நழுவியது. என் பெயராகத்தான் இருக்க வேண்டும். மறுபடி ஆரம்பித்தீர்கள். அதுவும் நழுவியது. நான் "ம், கேக்குதுப்பா" என்று சொல்வதற்குள் வைத்துவிட்டீர்கள்.

அதற்கு அப்புறம் அம்மாவும் போன் பண்ணவில்லை. போன கடிதத்துக்கும் பதில் இல்லை. இதற்கும் வராது என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறும் ஸ்டூலில் இருப்பேன். இனி பந்தயம் எதுவும் இல்லை. நீங்கள் பேச வேண்டாம். வைத்துவிடாமல் இருங்கள், போதும்.

மகள்