சட்டைக்குள் திணித்த துண்டு

மாரிகுப்பம்,
12-11-2000

தம்பி ஜெயகரனுக்கு, அண்ணி ஜூடித் எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நானும் ரெபேக்காவும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க இன்றைக்கு எனக்கு மனசில்லை.

பக்கத்து வீட்டு ஐடா நேற்று ஒரு வார இதழைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இன்னாக்கா, உங்க கொழுந்தன் பேரு புஸ்தகத்துல வந்துகீது, பாத்தீங்களா?" என்று சந்தோஷமாக நீட்டினாள். 'உளவாளி உமாபதி' படத்தைப் பற்றி வாசகர்கள் கருத்து என்று முழுப் பக்கம். மதுரைக்காரர் ஒருவர் குடைக்குள் துப்பாக்கி இருந்ததைப் புகழ்ந்திருக்கிறார். ஒரு அம்மாள் வில்லனுடைய விக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். போகட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்? கடைசியில் நீங்கள். "தங்கச் சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் இறங்கும் காட்சிதான் படத்துக்கே உயிர். உமாபதிக்குப் பின்னால் நிற்கிற ஆள் துண்டைச் சட்டைக்குள் திணித்து வயிற்றைத் தடவும்போது, எத்தனை தடவை பார்த்தாலும் வயிறு வலிக்கச் சிரிப்பேன் — ஜெயகரன், ஆவடி."

அந்த ஆள்! கூடப் பிறந்த அண்ணன் உங்களுக்கு அந்த ஆளாகிவிட்டாரா? ஷூட்டிங்குக்குக் கூட்டமாக நிற்க நம் மைன்ஸ் ஷிப்டு ஆட்களைக் கூப்பிட்டார்கள், அவரும் போய் நின்றார். அந்த வருஷமே பாறை வெடித்து அதே சுரங்கத்துக்குள் போனவர் திரும்பவில்லை. படம் வெளிவந்தபோது ரெபேக்காவை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். அந்த இடத்தில் தியேட்டரே கொல்லென்று சிரித்தது. நான் போட்ட கூச்சலில் ஆபரேட்டர் ஹரோல்ட் மெஷினையே நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் படம் நம் ஊருக்கு எப்போது வந்தாலும் அந்த இடத்தில் லென்சுக்கு முன்னால் அட்டையை வைத்து மறைப்பார். ஊரே இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். ஒருத்தர்கூட விசில் அடித்ததில்லை. ஊரார் காட்டிய மரியாதையை உங்களுக்குக் காட்டத் தெரியவில்லையே.

ஜனவரியில் ரெபேக்காவுக்குக் கல்யாணம். அப்பா இடத்தில் நின்று கோயிலுக்குள் அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக உங்களைத்தான் கேட்டிருந்தேன். இப்போது யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
ஜூடித்

---

ஆவடி,
20-11-2000

என் அன்பான அண்ணிக்கு ஸ்தோத்திரம்.

என்னை 'நீங்கள்' என்று எழுதிவிட்டீர்களே. செருப்பால் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த இதழ்க்காரன்மேல் எனக்கு உங்களைவிடக் கோபம். நான் எழுதியது இரண்டு பக்கம். அவன் போட்டது மூன்று வரி. "அந்த ஆள் என் அண்ணன் டைட்டஸ். நடிகர் இல்லை, தங்க வயல் தொழிலாளி. படம் வெளிவருவதற்குள் இறந்துவிட்டார். எல்லாரும் பயந்த முகத்தோடு கீழே பார்க்க வேண்டிய இடத்தில் இவர் மட்டும் நிமிர்ந்து சிரிக்கிறார், எதற்கு என்று கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை" என்று எழுதினேன். அத்தனையும் வெட்டிவிட்டான். ஆபீசுக்கே போன் போட்டுச் சத்தம் போட்டேன். இடம் பற்றவில்லையாம். விக்கைப் பற்றி எழுத மட்டும் இடம் இருக்கிறது!

ஆனால் அண்ணி, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். வெட்டியது அவன் மட்டும்தானா? ஹரோல்ட் அண்ணன் அட்டையை வைத்தார், நீங்கள் சரி என்றீர்கள். டிவியில் அந்தப் படம் போட்டால் பெட்டியை அணைத்துவிட்டு கரன்ட் போச்சு என்கிறீர்களாம். ரெபேக்காதான் சொன்னாள். அவளுக்கு அப்பா என்றால் சுவரில் மாலை போட்ட ஒரு போட்டோ. கையைக் காலை ஆட்டுகிற அப்பா இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறார். அதைப் பெற்ற பிள்ளை பார்க்கக் கூடாதா? நான் சிரிப்பது உண்மைதான். சிரித்து முடித்தால் அழுகிறேன். அதை எந்தப் பத்திரிகைக்கு எழுதுவது?

அந்தப் படம் இப்போது சிடியில் வந்திருக்கிறது. கிறிஸ்துமசுக்கு வரும்போது கொண்டுவரட்டுமா?

உங்கள் தம்பி,
ஜெயகரன்

---

மாரிகுப்பம்,
28-11-2000

தம்பி ஜெயகரனுக்கு,

கொண்டுவர வேண்டாம். அந்தச் சிடி இந்த வாசப்படி மிதித்தால் நீங்கள் மிதிக்க வேண்டாம். அவள் கையைப் பிடித்து நடத்தச் சபையில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

நான் எதற்குக் கத்தினேன் என்று உங்களுக்கும் தெரியாது, ஹரோல்டுக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதாதீர்கள்.

ஜூடித்

---

ஆவடி,
9-12-2000

அண்ணிக்கு,

கிறிஸ்துமசுக்கு நான் வரவில்லை. போன வாரம் ரெபேக்கா தன் பெங்களூர்க் கம்பெனி வேலையாக மெட்ராஸ் வந்திருந்தாள். அவளிடம் சிடியைக் கொடுத்துவிட்டேன். உங்களுக்குத் தெரியாமல் செய்ததாக இருக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். அம்மாவைக் கேட்காமல் போடாதே என்று சொல்லியிருக்கிறேன். அவளும் சத்தியம் செய்தாள்.

இதற்காக நீங்கள் என் முகத்தில் விழிக்காமல் போனாலும் சரி. அண்ணன் பிள்ளைக்கு அண்ணனைக் கொடுத்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. அவள் கல்யாணத்தன்று கோயிலில் கடைசி பெஞ்சிலாவது எனக்கு இடம் கொடுங்கள்.

ஜெயகரன்

---

மாரிகுப்பம்,
2-1-2001

அன்புள்ள தம்பி ஜெயகரனுக்கு,

கர்த்தர் இந்தப் புது வருஷத்திலாவது உனக்குக் கொஞ்சம் புத்தியைக் கொடுக்கட்டும். எனக்கும்தான்.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வந்ததும் உன் அண்ணன் மகள் சிடியை என் முன்னால் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடவில்லை. பிடிவாதம் அப்படியே உங்கள் குடும்பத்துப் பிடிவாதம். அழுதிருந்தால் அதட்டியிருப்பேன். பேசாமல் இருந்தால் நான் என்ன செய்ய? போடு என்றேன்.

அது ஒரு படமா? உளவாளியாம், கூர்மூக்கு ஷூ போட்டுக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்குகிறான். கணக்காக அடிக்கவேண்டிய கேஜ் மணியைக் கோயில் மணி மாதிரி அடிக்கிறான். இதைப் போய்க் காவியம் என்று எழுத ஒரு கூட்டம். நான் திட்டிக்கொண்டே பார்த்தேன். அந்த இடம் வந்தது. இத்தனை வருஷம் கழித்துப் பார்த்தேன், தம்பி. எவ்வளவு சின்னப் பையன்! நம் ரெபேக்காவுக்குத் தம்பி மாதிரி இருக்கிறார்.

அவள் நிறுத்தி, திரும்பப் போட்டாள். திரும்பவும் போட்டாள். பிறகு கேட்டாள், "இன்னாம்மா, அப்பா யாரைப் பாத்து இப்படிச் சிரிக்கிறாரு?"

உனக்கும் பதில் சொல்லவேண்டியவள்தான் நான். கேள். அன்றைக்குக் காமிராவுக்குப் பின்னால் வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நான் நின்றிருந்தேன். படத்தில் வருவார் என்று புதுச் சட்டையைத் தேய்த்துப் போட்டு அனுப்பினால், மனுஷன் அதன்மேல் அழுக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார். எடுங்கள் என்று ஜாடை காட்டினேன். எடுத்தார். எடுத்துச் சட்டைக்குள் திணித்து, வயிற்றை முன்னால் தள்ளி, என்னைப் பார்த்துத் தடவிக் காட்டினார். நான் முழுகாமல் இருப்பதை அதற்கு முந்தின நாள்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் படுபாவி காமிரா முன்னாலேயே என்னைக் கேலி செய்தார்.

அதைத்தான் தியேட்டரே பார்த்துச் சிரித்தது. எனக்கு மட்டும் என்று செய்ததை டிக்கெட் வாங்கின ஊர் முழுக்கப் பார்த்துச் சிரித்தால் எனக்கு எப்படி இருக்கும்? அதற்குத்தான் கத்தினேன். பாவம் ஹரோல்ட், நான் துக்கம் தாங்காமல் கத்தினேன் என்று நினைத்துவிட்டார். நானும் அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ரெபேக்காவிடம் சொன்னேன். "அந்தத் துண்டு நீதான்டி" என்றேன். உடனே சிரித்தாள் பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, அந்தத் தியேட்டர் சிரித்ததைவிடச் சத்தமாக. ஐடா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் சிரித்துவிட்டேன்.

இதை அந்த இதழுக்கு எழுதித் தொலைக்காதே. இது நம் வீட்டோடு இருக்கட்டும். ஆனால் வெட்டிப்போட்டதற்கு அவனை இன்னொரு தடவை போனில் நன்றாகக் கேட்டுவிடு, என் பேரைச் சொல்லியே கேள்.

மைன்ஸை மூடப்போகிறார்கள் என்று ஊரே கலங்கிக் கிடக்கிறது, அதனால் கல்யாணத்தைச் சிக்கனமாகத்தான் செய்கிறோம். நீ முந்தின நாளே வந்துவிடு. கடைசி பெஞ்ச் உனக்கு இல்லை. அவள் கையைப் பிடித்து நீதான் நடக்க வேண்டும். நல்ல சட்டையாகப் போட்டுக்கொள், மேலே துண்டு கிண்டு எதுவும் வேண்டாம். நான் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அண்ணி,
ஜூடித் டைட்டஸ்