முப்பது காலி வட்டங்கள்

அன்புள்ள கேதகிக்கு,

இதில் எழுதப்போவது:
1. உன் மகளின் மதிப்பெண்ணை நான் கூட்டியது.
2. வக்கீல் சொன்னது.
3. நேற்று காட்டிய விடைத்தாள் மிருணாளுடையதல்ல என்பது.

மருத்துவ நுழைவுத் தேர்வின் வினாத்தாளில் அவள் குறித்திருந்த விடைகளை நான்கு முறை கூட்டினேன். ஒவ்வொரு முறையும் 641 வந்தது. அவர்கள் போட்டது 531. விடைத்தாளைக் காட்டவே உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஒளிக்க எதுவும் இல்லாதவர்கள் இத்தனை மாதம் ஒளிப்பார்களா? காட்டிய தாளில் கடைசி முப்பது கேள்விகளுக்கும் வட்டங்கள் காலி.

"தாளையே மாத்திட்டாங்க சார். நாளைக்குப் பொண்ணு பிரமாணப் பத்திரத்துல கையெழுத்துப் போடட்டும், மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார் வக்கீல்.

இதுவரை எழுதியதை மிருணாள் இந்தத் தாத்தாவின் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"ஆஜோபா, வினாத்தாள்ல டிக் அடிச்சிட்டு, வட்டத்த கடைசில மொத்தமா நிரப்பலாம்னு இருந்தேன். முப்பது பாக்கி இருக்கறப்பவே மணி அடிச்சிட்டாங்க. நீங்க 641னு கூட்டி, தெருவுக்கே பேடா கொடுத்துட்டீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

பொய்ப் பிரமாணம் என்று தெரிந்தால், இனித் தேர்வே எழுத விடமாட்டார்களோ என்று பயப்படுகிறேன். கையெழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வக்கீலிடம் நீயே பேசு. அவளைத் திட்டாதே.

தாளைக் காட்டச் சொல்லிக் கேட்டது தவறில்லை. மேலே எழுதிய மூன்றாவது விஷயம் தவறு. தாள் அவளுடையதுதான்.

உன் அப்பா