உன் கண் உயரத்தில் ஓர் ஆணி

என் செல்லக் கத்திரிக்காய் பங்கஜத்துக்கு,

கோபித்துக்கொள்ளாதே. சின்னம்மா பெற்ற குள்ளச்சியை வேறு எப்படிக் கூப்பிடுவது? நீ என்னைப் பனைமரம் என்றாய், நான் உன்னைக் கத்திரிக்காய் என்றேன். இருவரும் சேர்ந்து சிராங்கூன் சாலையில் நடந்தால் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். இப்போது நான் தனியாக நடக்கிறேன், யாரும் சிரிப்பதில்லை.

கண்காட்சி நடந்துவிட்டது. அதை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் வகுப்பில் எல்லோர் முன்னாலும் இதை வாசிக்கப்போகிறேன். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான், பயப்படாதே.

கல்லூரிக் கட்டடம் இன்னும் ஜப்பான் ராணுவத்திடம்தான் இருக்கிறது. ஓவியப் பிரிவில் மிஞ்சிய நாங்கள், மூடிக்கிடக்கும் நகைக்கடைக்கு மேல்மாடியில் கூடுகிறோம். யாழ்ப்பாணத்து மாஸ்டர்தான் இன்னும் சொல்லித்தருகிறார். தாள் கிடையாது. சிகரெட் அட்டையின் உள்பக்கம்தான் தாள், மரவள்ளிக்கிழங்கு வேகவைத்த அடுப்புக்கரிதான் பென்சில். நீ இருந்திருந்தால் அந்தக் கிழங்கைப் பற்றி ஒரு மணி நேரம் புலம்பியிருப்பாய்.

முன்பெல்லாம் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு விருந்து ஓவியர் கப்பலில் வருவார், நாம் மாலையோடு துறைமுகத்துக்கு ஓடுவோம். இந்தப் பருவத்துக்கு வந்தவர் ராணுவ லாரியில் வந்தார். படைக்காகப் படம் வரைகிறவராம். அவரை அழைத்துக் கண்காட்சி வைத்தால்தான் வகுப்புக்கு அனுமதி என்று சொல்லிவிட்டார்கள்.

நம் வழக்கம் நினைவிருக்கிறதா? முதல் பருவத்துக்கு இந்தியாவிலிருந்து வந்த ஓவியர் ஏற்படுத்தியது. ஒருவர் வரைந்த படத்தை அவருடைய கண் உயரத்தில்தான் மாட்டவேண்டும், பார்க்கிறவர் அந்தக் கண்ணுக்கு வரவேண்டும். அதனால் என் படம் மேலே, உன் படம் கீழே. "என் படத்தை யாரும் பாக்கமாட்டாங்க, பூனைதான் பாக்கும்" என்பாய்.

இந்த முறை உன் 'அரிசி வரிசை'யை மாட்ட எடுத்தேன். உள்ளங்கை அளவுதான். முகமே இல்லாமல் வெறும் கைகளும் காலிப் பைகளும். வரிசையில் நின்றால் உன் உயரத்துக்குத் தெரிந்ததே அதுதானே?

மாஸ்டர் பதறிவிட்டார்.

"பிள்ளை, அதை மேல கொழுவு. ஜப்பான்காரர் வந்து குனிஞ்சே பாக்கிறது? வகுப்பை மூடிப்போடுவாங்கள்."

"எல்லார் படமும் அவங்கவங்க கண் உயரத்துலதான் இருக்கு மாஸ்டர். செத்துப்போனா உயரம் கூடிடுமா?"

"கூடாது பிள்ளை. ஆனா உயிரோட இருக்கிற மிச்சப்பேரையும் நான் யோசிக்கவேணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை பங்கஜம். பாலத்தில் நிற்கும் ஜப்பான் காவல்காரனுக்குக் குனியாவிட்டால் என்ன நடக்கும் என்று உன் கன்னத்தைக் கேட்டால் சொல்லும். அன்று நீ குனிந்துதான் நின்றாய், அவன் கண்ணுக்குத்தான் அது தெரியவில்லை. வீங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்து, "ஏற்கனவே குட்டை, இதுக்கு மேல எங்க குனியறது, தரையில படுக்கணுமா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தாய். அதற்குப் பிறகு வந்த காய்ச்சலுக்கு ஒரு கொயினா மாத்திரைகூட என்னால் தேடித்தர முடியவில்லை. அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

மாஸ்டர் கீழே இறங்கிப் போனார். பழைய சுவரில் உன் உயரத்துக்கு வைத்த கரிக்கோடு கல்லூரியோடு போய்விட்டது. ஆனால் அளவு என்னிடமே இருக்கிறதே. நான் கட்டிப்பிடித்தால் உன் கண் என் நெஞ்சில்தான் முட்டும். சுவரோடு ஒட்டி நின்று, அந்த இடத்தில் கரியை வைத்து, ஆணியை அடித்தேன். ஆணி நேராகத்தான் இறங்கியது.

அந்த ஓவியர் என்னைவிட நெட்டை. கூடவே ஓர் அதிகாரி, மலாய் பேசும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து உன் படத்துக்கு முன் நின்றார்கள். அதிகாரி முகம் சுளித்தார். ஏன் இவ்வளவு கீழே என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். வரைந்தவள் உயரம் அவ்வளவுதான், இது எங்கள் வகுப்பு வழக்கம் என்றேன். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஓவியர் குனிந்தார்.

இரண்டு கையையும் தொடைமேல் வைத்து, நாம் பாலத்தில் குனிவோமே, அப்படியே. படம் சின்னது, கரியும் மங்கல், இன்னும் கொஞ்சம் குனிந்தார். அழைத்துவந்த விருந்தாளியே குனிந்து நிற்கும்போது அதிகாரி என்ன செய்வார்? அவரும் குனிந்தார். உன்னை அறைந்தவர்களின் ஆட்கள் இரண்டு பேர், உன் முன்னால், நிமிராமல். நான் அழவில்லை. இமைகூடக் கொட்டாமல் பார்த்துக்கொண்டேன், உனக்குச் சொல்லவேண்டுமே.

வரைந்தவள் எங்கே என்று ஓவியர் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். இல்லை என்றேன். அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். நல்லவரா? எனக்குத் தெரியாது. அதைத் தீர்ப்புச் சொல்ல நான் அங்கே நிற்கவில்லை.

கிளம்பும்போது அதிகாரி ஏதோ உறுமினார். அடுத்த கண்காட்சியில் எல்லாப் படமும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டுமாம், இப்படி ஏற்ற இறக்கம் கூடாதாம். வகுப்புத் தப்பித்தது, நம் வழக்கம் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். உன் ஆணியைப் பிடுங்க எனக்கு மனசு வருமா?

மறுநாள் காலையில் மாஸ்டர் ஒரு நூலுருண்டையோடு வந்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே மட்டத்தில வேணுமாம், கேட்டனிதானே? அப்ப பங்கஜத்தின்ர ஆணியில இருந்து நூலைக் கட்டு, பிள்ளை."

கட்டிவிட்டேனடி. சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, உன் கண் உயரத்தில் ஒரே நூல். மாஸ்டர் படம், என் படம், இனி வரப்போகிற விருந்தாளிகளின் படம், எல்லாம் அதில்தான். எந்தக் கொடி பறந்தாலும், யார் லாரியில் வந்தாலும், என் உயிர் இருக்கும்வரை அந்த நூலை ஒரு விரற்கடைகூட ஏற்றமாட்டேன். பார்க்க வருகிறவர்கள் குனியட்டும்.

முதலில் குனிவது நான்தான்,
உன் பனைமர அக்கா
சிவகாமி