ஆற்றில் விட்ட மஞ்சள் சட்டை

என் செல்ல நாத்தனார் புஷ்பாவுக்கு,

வரும் ஞாயிற்றுக்கிழமை உனக்கு முதல் திதி. கெர்லிங் பக்கத்து அதே ஆற்றில், நீ வாராவாரம் இறங்கி நின்ற வளைவுக்குச் சற்று மேலேதான் செய்யப் போகிறோம். பண்டாரத்திடமிருந்து சாமான் பட்டியல் வந்துவிட்டது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எனக்கிருக்கிற கோபத்தில் யாரிடம் வாயைத் திறந்தாலும் சண்டையாகிவிடுகிறது. நீயாவது இப்போது குறுக்கே பேச மாட்டாய். உயிரோடு இருந்தபோது ஒரு வாக்கியமாவது என்னை முடிக்க விட்டிருக்கிறாயா?

கல்யாணமாகி வந்த புதிதில், இது என்ன பெண் என்றுதான் உன்னைப் பற்றி நினைத்தேன். ராவாங் தொழிற்சாலையில் ஆறு நாளும் நின்றபடியே வேலை. ஏழாம் நாள் ஊரே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும். நீ மட்டும் அந்த மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்புவாய். நீயும் உன் அண்ணனும் பிறந்த தோட்டத்தில் லய வீடுகளை இடித்து எத்தனையோ வருடமாகிவிட்டது, செம்பனை மரங்களைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை, எதற்குப் போகிறாய் என்று கேட்டேன். "ஆறு இருக்குதே அண்ணி" என்றாய்.

ஒரு தடவை என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். பாறையில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டபடி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். திடீரென்று என் தொடையில் கிள்ளினாய். "பேசாதீங்க அண்ணி. மூச்சக்கூட மெதுவா விடுங்க. அந்தா பாருங்க, நீர்நாய்லா!" எதிர்க்கரையில் ஐந்து தலைகள், ஈர மீசையோடு. பெரியது மீனைக் கடிக்கிற சத்தம் இந்தக் கரைவரை கேட்டது. நாற்பது வயதுவரை இப்படி ஒன்றைப் பார்க்காமலா இருந்தேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

ஆனால் நீ நீர்நாய் பார்க்க மட்டுமா போனாய்? முட்டளவு தண்ணீரில் நின்று குப்பை அல்லவா பொறுக்கினாய். நைலான் கயிற்றில் கட்டிய மாலைகள், பால் பாக்கெட்டுகள், வெள்ளை ரொட்டிபோல் உதிர்ந்துகொண்டே இருக்கும் தெர்மாகோல் சாப்பாட்டுப் பெட்டிகள், கண்ணாடி உடைந்த சாமி படங்கள், செத்தவர்களின் துணிமணிகள். எல்லாம் நம் ஆட்கள் விட்டது. ஒருநாள் ஒரு படத்தின் கண்ணாடி உன் பாதத்தைக் கிழித்தது. தையலோடு அடுத்த வாரமே போய் நின்றாய்.

அன்றைக்குத்தானே அந்தக் குடும்பத்தோடு சண்டை? காடிக் கதவைத் திறந்து பழைய சாமி படங்களை இறக்கிய பெரியவர் உன்னை முறைத்தார். "சாமி படத்தக் குப்பத்தொட்டியில போடச் சொல்றியாம்மா? ஆத்துலதான் விடணும்."

"விடுங்க ஐயா, யாரு வேணான்னா? ஆனா விடுறதுன்னா ஆறு அத எடுத்துக்கணும்லா. பூவ எடுத்துக்கும். சாம்பல எடுத்துக்கும். சோத்த மீனு எடுத்துக்கும். இந்தக் கண்ணாடிய யாரு எடுத்துக்குவா? என் காலுதான் எடுத்துக்கிச்சு, பாருங்க. இதுக்குப் பேரு விடுறது இல்ல, வீசுறது!"

அவரோடு வந்த அம்மா உனக்குச் சாபம் கொடுத்துவிட்டுத்தான் காடியில் ஏறினார். நீ சிரித்தாய். விடுறது, வீசுறது என்ற அந்த இரண்டு சொல்லையும் நான் அன்றைக்குக் கேட்டேனே தவிர, மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. ஏற்றிக்கொண்டிருந்தால் பிறகு அப்படி நடந்திருக்குமா?

நீ வேலையிடத்தில் மயங்கி விழுந்தாய். மூன்றே நாளில் போய்விட்டாய். பதினாறாம் நாள் காரியத்தை அந்த ஆற்றங்கரையில் வைத்தோம், உனக்குப் பிடித்த இடம் என்று. காரியம் செய்த பண்டாரம், "அவங்க போட்ட துணிமணியெல்லாம் ஆத்துல விட்டுருங்க. திரும்பிப் பாக்காமப் போயிருங்க" என்றார். உன் அண்ணன் உன் துணியைத் தொட மனமில்லாமல் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார். அதனால் நான்தான் உன் சட்டை, செருப்பு, சீப்பு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து, இறுக்கி முடிந்து, தண்ணீரில் எறிந்தேன். ஆமாம், எறிந்தேன். திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

யாருடைய ஆற்றில், யாருடைய துணியை என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. அழுகிற கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கரையில் நின்று பை பையாக எறிகிறவர்கள் எல்லோரும் அழுதுகொண்டுதானே எறிகிறார்கள்? திரும்பிப் பார்க்காமல் போகச் சொல்லிச் சொல்லியே, ஆறு என்ன ஆனது என்று பார்க்கிற பழக்கமே நமக்கு இல்லாமல் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து, மனம் கேட்காமல் தனியாக அந்த வளைவுக்குப் போனேன். மூங்கில் வேரில் ஒரு பை சிக்கியிருந்தது. முடிச்சைப் பார்த்ததுமே தண்ணீரில் இறங்கிவிட்டேன். இரண்டு முடிச்சுப் போட்டு, பையின் காதுகளை உள்ளே செருகியிருந்தது. "அண்ணி கட்டுனா அவுக்கக் கத்திதான் வேணும்" என்று மீன் பையைப் பிடித்துக்கொண்டு கேலி செய்வாயே, அதே முடிச்சு. பல்லால் கடித்து அவிழ்த்தேன். உள்ளே உன் மஞ்சள் சட்டை. வாராவாரம் நீ பொறுக்கிய இடத்துக்கு நான் உன்னையே குப்பையாக அனுப்பியிருந்தேன், புஷ்பா.

சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். உன் அண்ணன் வேலை முடிந்து வந்து பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஆத்துல விட்டத வீட்டுக்குக் கொண்டாந்திருக்கியா? அவ எப்படிப் போய்ச் சேருவா?"

"ஆறு எடுத்துக்கலீங்க. அங்கயேதான் கெடந்துச்சு."

"மேல மலையவே வெட்டிச் சாய்க்கிறானுங்க. ஆறு சேறாக் கலங்கி, தே தாரே டீ கலர்ல ஓடுது. அவனுங்களக் கேக்க ஆளில்ல. என் தங்கச்சி சட்டதான் ஆத்தக் கெடுத்துருச்சா?"

அவர் சொன்னதில் பாதி நிஜம். உனக்குத் தெரியாத சேதி இது: நீ போன பிறகு ஆற்றின் மேல்பக்கம் காட்டை வழித்துவிட்டார்கள். யாருக்கு, எதற்கு என்று ஒரு பலகைகூட இல்லை. மழை பெய்தால் மலையே கரைந்து வருகிறது. நாம் உட்கார்ந்த பாறையில் கணுக்கால் ஆழத்துக்குச் சேறு. நீர்நாய்களை அப்புறம் நான் பார்க்கவில்லை. எங்கே போயிருக்கும்?

கேட்க ஆளில்லை என்றாரே, நானே கேட்கிறேன் என்று படங்களோடு ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் என் கைப்பேசியை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மொட்டை மலை, சேற்றுத் தண்ணீர். அடுத்து, கரை முழுக்க மாலைகளும் சாமி படங்களும். எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்து வைத்திருந்தேன், மடச்சி. "இது உங்கள் ஆட்கள் போட்டதுதானே?" என்று மலாயில் கேட்டார். கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு கேள்வியை வைத்து மலையை வெட்டுகிறவனைத் தப்பிக்க விட்டுவிட்டார். என் மனுவை வாங்கிக் கோப்பில் சொருகினார், அவ்வளவுதான். அவர்மேல் வந்த கோபத்தைவிட நம்மேல் வந்த கோபம் பெரிது. காட்டை அழிக்கிறவனைப் பார்த்து விரல் நீட்டுகிற யோக்கியதையைக்கூட நாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி எறிந்துவிட்டோமே.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். புதுச் சேலை ஒன்று. கண்ணாடி போட்ட உன் படம் ஒன்று. கடைசி வரியில், எடுத்து வந்த மஞ்சள் சட்டை. அதைத் திரும்ப ஆற்றில் விட்டால்தான் தோஷம் கழியுமாம். உன் அண்ணன் என்னிடம் சண்டைகூடப் போடவில்லை. "அவ நிம்மதியாப் போகட்டும்லா, விட்டுரு" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கல்லாய் இருந்த எனக்கு அதுதான் தாங்கவில்லை. நிஜமாகவே என்னால் நீ போக முடியாமல் நிற்கிறாயா? நின்றாலும், அந்த ஆற்றங்கரையில்தானே நிற்பாய்?

என் கல்யாணத்தில் உன் அண்ணன் முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் பின்னால் நின்று போட்டவள் நீ. "இனிமே அவுக்க முடியாது அண்ணி" என்று என் காதில் சொன்னாய். அந்த முடிச்சின்மேல் ஆணையாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிண்டத்தையும், நூல் இல்லாத உதிரிப்பூவையும் ஆற்றில் விடுவோம். அதை ஆறு எடுத்துக்கொள்ளும். சேலையும் படமும் வீட்டைவிட்டுக் கிளம்பாது. சட்டையைக் கொண்டுவரச் சொன்னார்கள், கொண்டு வருகிறேன். என் உடம்பில் போட்டுக்கொண்டு வருகிறேன்.

காரியம் முடிந்ததும் பண்டாரம் திரும்பிப் பார்க்காதீர்கள் என்பார். நான் திரும்பிப் பார்ப்பேன். ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வளைவில் இறங்குவேன், எல்லோர் கண் முன்னாலும். அடுத்த வாரமும் இறங்குவேன். கரையைச் சுத்தமாக்கிப் படம் எடுத்துக்கொண்டு, அதே அலுவலகத்துக்கு, அதே மேசைக்குப் போவேன். மலையைப் பற்றி மட்டும் பேசச் சொல்வேன்.

நீ முடிச்சுப் போட்டுக் கூட்டிவந்த
உன் அண்ணி,
பரமேஸ்வரி