பங்கு வாங்கியவர்களோடு சேர்த்து உனக்கும் சொன்ன சேதி

லீமிங்டன்,
3 டிசம்பர் 2018

அன்பு மகன் லிவியோவுக்கு, அம்மா எழுதுவது. பெர்த்தில் நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொள்கிறேன், நம்புவதைத் தவிர வேறு வழியை நீ எனக்கு வைக்கவில்லை. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. ஆறு வாரமாக நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கூரியரில் இதை அனுப்புகிறேன், கோபத்தில் பிரிக்காமல் போட்டுவிடாதே ராசா.

முதலிலிருந்தே சொல்கிறேன், அன்றைக்கு நீ என்னைப் பேசவே விடவில்லை. ஆகஸ்ட் கடைசியில் பூ உலர்த்தும் அறையில் அப்பா காலைச் சுற்று போனபோது நாலு தட்டு பூஞ்சை பிடித்துக் கிடந்ததைத் தாண்டிப் போய்விட்டார். கூட வந்த டெஸ்மண்ட்தான், மொதலாளி இவ்வளவு வாடை அடிக்குதே உங்களுக்குத் தெரியலையா என்று கேட்டிருக்கிறான். முப்பது வருஷம் தக்காளி போட்டபோதும் சரி, அதைப் பிடுங்கிவிட்டு அரசாங்க உரிமத்தோடு மருந்துக் கஞ்சா போட்ட பிறகும் சரி, மூக்காலேயே விவசாயம் செய்த மனிதர். சளி பிடித்திருக்கிறது என்று சமாளித்தார். அப்புறம் பேசும்போது வார்த்தை தடுமாற ஆரம்பித்தது, உப்பைக் கொடு என்பதற்குப் பதிலாகச் செருப்பைக் கொடு என்றார், நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. விண்ட்சர் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து மூளையில் கட்டி என்றார், கத்தி வைக்க முடியாத இடம் என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனியைப் பங்குச் சந்தையில் ஏற்றும் வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. செடி வளர்க்கப் புதுக் கண்ணாடிக் குடில்கள் பாதி எழும்பி நின்றன, டொராண்டோவிலிருந்து கூர்மூக்குச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தார்களே, அந்தப் பங்குத் தரகர்கள் ஊர் ஊராகப் போய்ப் பணக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அச்சடித்த புத்தகத்தில் அப்பாவின் படம் முழுப் பக்கம், இந்தக் கம்பெனி இவர் ஒருவரை நம்பியே நிற்கிறது என்று அடியில் ஒரு வரி. கம்பெனி வக்கீல் நம் சமையலறையிலேயே உட்கார்ந்து சொன்னார், இத நாங்க காயிதத்துல எழுதி மொறையா வெளியிடுவோம்மா, அதுவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது, பெத்த புள்ளைக்கும்தான், யாராவது ஒருத்தர் முன்கூட்டியே தெரிஞ்சு வச்சு ஒரு பங்கு வாங்கினாலும் வித்தாலும் ஜெயில்தான் என்று. உன் பேரில் அப்பா எழுதிவைத்த பங்கு இருக்கிறது, உன் சிநேகிதர்கள் வேறு வாங்கப்போவதாகச் சொல்லியிருந்தாய். நான் பயந்துவிட்டேன் லிவியோ. படிக்காதவளில்லை நான், ஆனாலும் பயந்துவிட்டேன். அப்பாவும், ஏழு வாரந்தானே அசுந்தா, வாயக் கட்டிக்கிட்டாப் போச்சு என்று சொல்லிவிட்டார். அவருக்கு அந்த ஏழு வாரம்தான் வாய் இருந்தது என்று யாருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா குடிலில் இருக்கிறார் என்று சொன்னேனே, அவர் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். உளறிவிடுவாரோ என்று கொடுக்கவில்லை. ஒரு ஞாயிறு கையை நீட்டி, குடுடி எம்புள்ளகிட்ட நான் பேசணும் என்றார், நான் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீ அந்தப் பக்கம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். இதை நான் பாதிரியாரிடம்கூடச் சொல்லவில்லை.

அக்டோபரில் அந்த நாளும் வந்தது. காலை ஏழு மணிக்கு அறிக்கையை வெளியிட்டார்கள், உனக்கு அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். ஒன்பதரைக்கு டொராண்டோ பங்குச் சந்தையில் மேடை ஏற்றி அப்பாவை ஒரு பொத்தானை அழுத்த வைத்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள், காகிதத் துண்டுகள் மேலிருந்து கொட்டின. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் உன் போன். யாரோ சிநேகிதன் அனுப்பியதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாய். பங்கு வாங்கினவனுக்கு எந்த நிமிஷம் தெரிஞ்சுதோ அதே நிமிஷந்தான் எனக்கும் தெரியணுமா, நான் புள்ளையா பங்குதாரனா என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய்.

இன்னும் ஒன்று உனக்குத் தெரியாது. அறிக்கையில் அப்பாவின் வியாதிக்கு அடுத்த வரியிலேயே, அவர் இடத்துக்கு ஹாலந்திலிருந்து ஒருவரை நியமித்துவிட்டோம், விளைச்சலுக்குப் பாதிப்பில்லை என்று எழுதியிருந்தார்கள். அன்று மத்தியானத்துக்குள் பங்கு விலை ஏறிவிட்டது. ஏறிவிட்டது லிவியோ. மறைத்திருக்கவே வேண்டாம். யாருக்கும் அவர் தேவைப்படவில்லை, நமக்குத்தான் தேவைப்பட்டார், நம்மிடமிருந்துதான் மறைத்தேன். எனக்கு மன்னிப்பு வேண்டாம், கேட்கிற தகுதியும் இல்லை.

நவம்பர் முதல் வாரத்தோடு அப்பாவுக்குப் பேச்சு முழுக்க நின்றுவிட்டது. காது கேட்கிறது, உன் அக்கா மிரெல்லா வந்து பேசினால் அவள் பக்கம் கண்ணைத் திருப்புகிறார். நேற்று டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸைத் தாண்டுவது சந்தேகம் என்றார். இதை மிரெல்லாவுக்கு இன்னும் சொல்லவில்லை, கம்பெனிக்குச் சொல்லவில்லை, வக்கீலுக்குச் சொல்லவில்லை. முதலில் உனக்குத்தான் சொல்கிறேன்.

கிளம்பி வா. வருவதற்குள் ஒரு தடவையாவது கூப்பிடு, போனை அவர் காதில் வைத்துவிட்டு நான் அறையை விட்டு வெளியே போய்விடுகிறேன். மருமகளுக்கு என் ஆசீர்வாதம், மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். இங்கே பனி கொட்டுகிறது, கனமான கோட்டு எடுத்துக்கொள், பாஸ்போர்ட் தேதியைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா,
அசுந்தா