பதினோராயிரம் அடி

தாராவி
4.8.2024

அன்பு நாகராஜுக்கு,

ஆண்டவன் கிருபையில் சர்க்கரை ஒன்றுதான் இங்கே கூடுதல். போனில் தட்ட விரல் வராததால் தபால்.

உன் மகள் சாரு நம் இருவருக்கும் போட்டுத் தந்த நடை ஆப் பிரமாதம். நான் நடந்தால் வாஷியில் உனக்கு மணி அடிக்கிறது. நேற்று என் பதினோராயிரம் அடியைப் பார்த்தாயா? சயான் சிக்னலில் போலீஸ் ஹவல்தார் வண்டிகளை நிறுத்தி, "கியா சாச்சா, ஒலிம்பிக்கா?" என்று சலாம் வைத்தான். நீ நாலாயிரத்தில் நிற்கலாமா? டாக்டர் இருவருக்கும் சொன்ன மருந்து நடை அல்லவா?

உன்
கரீம் பாட்சா

வாஷி
19.8.2024

பாட்சா,

உன் மணி அடித்தாலே வீட்டுக்காரியிடம் ஏச்சுதான். "கரீம் அண்ணனப் பாருங்க, உங்களுக்கு என்ன கேடு?" என்கிறாள். நேற்று ஒன்பதாயிரம் நடந்தேன். வலது பாதத்தில் கொப்புளம் உடைந்து புண்ணாகிவிட்டது. வலி இல்லை. டாக்டர் நடக்கவே கூடாது என்கிறார். என்ன செய்யட்டும்?

நாகராஜ்

தாராவி
23.8.2024

அன்பு நாகராஜுக்கு,

வலிக்காத புண்ணும் ஒரு புண்ணா? எனக்குப் பதினெட்டுக் கொப்புளம் வந்தது, நடந்தே விரட்டினேன். டாக்டர் என்னிடம் வந்து பாடம் படிக்கட்டும். நீ நட.

கரீம் பாட்சா

வாஷி, ஆஸ்பத்திரி
2.10.2024

பாட்சா,

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உன் மணி இங்கேயும் கேட்கிறது, அதுதான் தெம்பு. ஒரு நாளும் விட்டுவிடாதே. என் பங்குக்கும் நட.

நாகராஜ்

தாராவி
7.10.2024

நாகராஜ்,

ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து திரும்பிவிட்டேன். இதையாவது கூட்டாமல் எழுதுகிறேன்.

நான் நடக்கவில்லை. முதல் வாரமே மூச்சு வாங்கியது. உன்னிடம் தோற்கக் கூச்சமாக இருந்தது. நம் பட்டறையில் நசீர் மிதிக்கும் தையல் மெஷினின் மிதிகட்டையில் போனைக் கட்டிவிட்டேன். அவர் தோல் பை தைத்தார். எனக்கு அடி ஏறியது, உனக்கு மணி அடித்தது. ஹவல்தாரும் பொய், கொப்புளமும் பொய். உன் கால் போகும் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். வந்து முகத்தில் துப்பு என்று எழுதப் பார்த்தேன், உன்னால் வர முடியாதே.

கரீம்

வாஷி
21.10.2024

பாட்சா,

கடிதம் கிடைத்தது. ஆப்பிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொன்னேன். "ஏம்ப்பா, மாமா வருத்தப்படுவாரே?" என்றாள் சாரு. எனக்குத்தான் இனி நடை இல்லையே என்றேன். நம்பிவிட்டாள். அவள் உன்னை மாமா என்றே சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

நீ மட்டும் இங்கே வராதே.

நாகராஜ்